செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? ராமநாதபுரம் கடற்கரை வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி தொடங்கி சாயல்குடி வரைக்கும், பாம்பன் தாண்டினால் தனுஷ்கோடி வரைக்கும், கடலோரம் ஓடுகிற பழைய பைக்குகளில் முதலில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் செல்ஃப்தான், அதாவது இன்ஜினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும் மோட்டார். பட்டனை அழுத்தினால் முன்பு போலச் சட்டென்று சுற்றாது. முனகும், இழுக்கும், ஒருநாள் நின்றே போகும். பட்டறையில் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது மனதில் இருந்தவை பல்சர், யூனிகார்ன், அப்பாச்சி, புல்லட் மாதிரி பத்து வருஷம் கடந்த வண்டிகள்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் மோட்டார் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு நினைப்பினால்தான் நம் பக்கத்தில் நிறையப் பேர் காசை இழக்கிறார்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்பி ரிலே (பட்டனை அழுத்தினால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), தடித்த கேபிள், மோட்டார் என்று போய், இன்ஜின் பாடி வழியாக எர்த் ஒயரில் ஏறி மறுபடி பேட்டரிக்கே வர வேண்டும். இந்தச் சுற்றில் எந்த இணைப்பில் உப்புப் பூத்தாலும் மோட்டார் முனகும். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊரில் ஓடும் வண்டிக்கு மோட்டாரைச் சந்தேகப்படுவது சரியாக இருக்கலாம். கடற்கரை வண்டிக்கு முதல் சந்தேகம் எர்த் ஒயர், இரண்டாவது பேட்டரி டெர்மினல், மூன்றாவதுதான் மோட்டார். அளந்து பார்க்காமல் புது மோட்டார் வாங்காதீர்கள். யாராவது பார்த்த மாத்திரத்தில் "மோட்டார் அவுட்டு" என்று சொன்னால், "ஒரு தடவை வோல்டேஜ் பாருங்கண்ணே" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மதுரையில் ஓடுகிற அதே வண்டிக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு சீக்கிரம் வருவதில்லையே, ஏன்?

கடல் காற்றில் வருகிற உப்பு வண்டி முழுக்கப் படிகிறது. அது அப்படியே காய்ந்து கிடந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சாதாரண உப்பே, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானாகவே கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலும் கசகசவென்று இருக்கும். நம் கரையில் ராத்திரி ஈரப்பதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் நிறுத்திய வண்டியின் ஒயர் முனைகள் மழையே பெய்யாவிட்டாலும் உப்புத் தண்ணியில் நனைந்துதான் நிற்கின்றன.

இன்னொன்று, எர்த் ஒயரின் லக்கு (ஒயர் முனையில் நசுக்கியிருக்கும் உலோக வளையம்) செம்பு, அதைப் பிடிக்கிற போல்ட் இரும்பு, அது இறங்குகிற இன்ஜின் கேஸ் அலுமினியம். மூன்று வெவ்வேறு உலோகத்துக்கு நடுவே உப்புத் தண்ணி நின்றால், அந்த மூன்றில் அலுமினியம்தான் வேகமாக அரிக்கும். லக்குக்கு அடியில் வெள்ளையாக மாவு மாதிரி தெரிவது அதுதான். அந்த மாவு கரண்டைக் கடத்தாது.

பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்துக்கு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி ரகப் பெயிண்டும் போட வேண்டியிருந்தது. அந்தக் காற்றில்தான் நம் வண்டியும் நிற்கிறது.

பட்டனை அழுத்தும்போது வரும் சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். "டக டக டக" என்று ரிலே விடாமல் அடித்தால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு "டக்", அதன் பிறகு ஒன்றும் இல்லை என்றால் ரிலே வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது மோட்டார் உள்ளே இறுகிக் கிடக்கிறது. "உர்ர்... உர்ர்..." என்று கஷ்டப்பட்டுச் சுற்றினால் இந்தப் பக்கம் முழுவதும் உங்களுக்குத்தான். சத்தமே இல்லையா? மோட்டார் பக்கம் போகாமல் ஃபியூஸ், கில் சுவிட்ச், கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கிற குட்டி சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள்.

வீட்டிலேயே அளந்து பார்ப்பது எப்படி?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி ஒரு ராத்திரி சும்மா நின்ற பிறகு, சாவி போடாமல், பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 முக்கால்வாசி. 12-க்குக் கீழே இருந்தால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போட்டுவிட்டு மேற்கொண்டு பாருங்கள், அதற்கு முன்னால் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அடுத்து, மீட்டர் முனைகள் பேட்டரியிலேயே இருக்கட்டும். வண்டி நியூட்ரலில் இருக்க, கூட இருப்பவரைச் செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வலு இல்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. நல்லது என்று தெரிந்த வேறொரு பேட்டரியை வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 11.5, 12 என்று அதிகம் இறங்காமலேயே நிற்கிறது, ஆனாலும் மோட்டார் முனகுகிறது என்றால் மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்ட் போகவில்லை. வழியில் எங்கோ தடை இருக்கிறது.

அந்தத் தடை எங்கே என்பதைக் கண்டுபிடிக்கிற சோதனையைத்தான் நான் எல்லாரையும் செய்யச் சொல்வேன். சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் மேலேயும், கறுப்பு முனையை மோட்டாரின் டெர்மினல் போல்ட் மேலேயும் வைத்துச் செல்ஃப் அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ ரிலேயிலோ நஷ்டம் ஆகிறது. அப்புறம் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் மேலேயும், இன்னொன்றை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்து அழுத்துங்கள். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. முனையைப் பேட்டரியின் ஈயக் கட்டை மேலேயே வைக்க வேண்டும். அதைக் கவ்வியிருக்கும் லக்கின் மேல் வைத்தால், கட்டைக்கும் லக்குக்கும் இடையில் இருக்கிற கோளாறு மீட்டரில் தெரியவே தெரியாது.

இரண்டு அளவும் நன்றாக இருந்து, பேட்டரியும் நன்றாக இருந்து, அப்போதும் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரைக் கழற்றுங்கள்.

சோதனையின்போது இன்ஜின் பிடித்துக்கொண்டால் அளவு பார்க்க முடியாது. பழைய பிளக் ஒன்றைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு இன்ஜினில் படும்படி வைத்துக்கொண்டு சுற்றுங்கள். கேப்பை வெறுமனே காற்றில் விட்டால் சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பெட்டி) கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பல்சர் மாதிரி இரட்டைப் பிளக் வண்டிக்கு இரண்டு கேப்பிலும் இப்படிச் செய்ய வேண்டும். மீட்டரை ஆம்பியருக்கு மாற்றி மட்டும் வைத்துவிடாதீர்கள். செல்ஃப் இழுப்பது பல பத்து ஆம்பியர், 10 ஆம்பியர் மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.

மீட்டர் இல்லை. வேறு வழி?

ஜம்பர் கேபிளின் ஒரு பக்கத்தைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு பக்கத்தை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அழுத்துங்கள். சட்டென்று வேகமாகச் சுற்றினால் எர்த் ஒயர்தான் குற்றவாளி. மாற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

எர்த் ஒயர் வெளியே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?

வெளியே எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். லக்கு பக்கத்தில் ஒரு அங்குலம் ரப்பரைச் சீவிப் பாருங்கள். உள்ளே கம்பி செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்துப் போயிருந்தாலோ, பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலோ, விரலால் தேய்த்தால் இழை பொடிந்து விழுந்தாலோ, அந்த ஒயர் முடிந்தது. உப்புத் தண்ணி இழைகளுக்கு நடுவே ஊறி ரப்பருக்குள்ளேயே மேலே ஏறும். முனையை மட்டும் வெட்டிப் புது லக்கு அடித்தால் ஆறு மாசத்தில் மறுபடி வந்து நிற்பீர்கள்.

புது ஒயர் போடும்போது பழையதைவிடத் தடிமன் குறையக் கூடாது, ஒரு அளவு கூடவே இருக்கட்டும். படகுகளுக்கு விற்கிற, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் அதை வாங்குங்கள். நம் கரைக்கு அதைவிட நல்ல ஒயர் இல்லை. லக்கை நன்றாக நசுக்கி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டினால் தண்ணி உள்ளே ஏறாது. லக்கு உட்காரும் இடத்தில் இன்ஜினை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு, இறுக்கின பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

சுத்தியலால் மோட்டாரைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது. அப்படியே ஓட்டலாமா?

தட்டியதும் சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து, அது உரச வேண்டிய செம்புப் பட்டையில் (கம்யூட்டேட்டர்) சரியாகப் படவில்லை என்று பொருள். அதைத் தெரிந்துகொள்ள, ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாக ஒரு தட்டு போதும். சுத்தியலால் அடிக்காதீர்கள். மோட்டார் ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் காந்தங்கள் பீங்கான் மாதிரி நொறுங்கும் ரகம். ஒன்று உடைந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் சிக்கினால், பிரஷ் செட்டோடு முடிய வேண்டிய செலவு புது மோட்டாரில் போய் நிற்கும்.

மோட்டாரைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் வையுங்கள். பேட்டரியில் முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். இந்த வரிசை மாறினால், பாசிட்டிவைக் கழற்றுகிற ஸ்பானர் ஃபிரேமில் பட்டுப் பெரிய பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

பெரும்பாலான வண்டிகளில் மோட்டாரை இரண்டு போல்ட் பிடித்திருக்கும். இந்த இரண்டு போல்ட்டில்தான் நம் ஊர் வண்டிக்கும் மற்ற ஊர் வண்டிக்கும் வித்தியாசம் தெரியும். இரும்பு போல்ட் அலுமினிய மரைக்குள் வெள்ளையாகப் பூத்து இறுகியிருக்கும். எடுத்த எடுப்பில் பலம் போட்டுத் திருகினால் போல்ட் தலை உருளும், இல்லாவிட்டால் தலை துண்டாக வந்து உடம்பு உள்ளே நிற்கும். முதல் நாள் சாயந்தரமே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். மறுநாள் போல்ட் தலையில் நேராக நாலு தட்டு தட்டி, ரிங் ஸ்பானர் அல்லது ஆறு முக பாக்ஸ் ஸ்பானர் போட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசையுங்கள். அப்புறம் தளர்த்துங்கள். கால் சுற்று தளர்ந்தால் மறுபடி உள்ளே, மறுபடி வெளியே, நடுவே இன்னும் கொஞ்சம் ஸ்ப்ரே. பொறுமையாகச் செய்தால் வந்துவிடும். சூடு காட்ட வேண்டியிருந்தால் டேங்கை இறக்கித் தூரத்தில் வைத்துவிட்டு, ஸ்ப்ரேயை நன்றாகத் துடைத்து, ஹாட் ஏர் கன் மட்டும். நெருப்பு வேண்டவே வேண்டாம்.

போல்ட் வந்த பிறகும் மோட்டார் அசையாது. ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து ஒட்டியிருக்கும். ஸ்குரூடிரைவரைச் சொருகி நெம்பினால் இன்ஜின் கேஸின் ஓரம் பெயரும், அங்கிருந்து ஆயில் கசியும். கையால் இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி இழுங்கள், தேவைப்பட்டால் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். சில வண்டிகளில் இடது பக்க மேக்னெட் (பேட்டரிக்குச் சார்ஜ் தரும் பகுதி) கவரையும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆயிலை வடிக்கணும், புது கேஸ்கெட் வேணும். வேலை தொடங்கும் முன்னால் உங்கள் வண்டி எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மோட்டாரின் கேபிள் நட்டு. டெர்மினல் போல்ட்டில் இரண்டு நட்டு இருக்கும். உள் நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் திருகுங்கள். பிடிக்காமல் திருகினால் போல்ட் மொத்தமாகச் சுழன்று, உள்ளே பிரஷ்ஷுக்குப் போகும் இணைப்பு அறுந்துவிடும்.

மோட்டாரைத் திறந்தால் உள்ளே எதைப் பார்ப்பது?

திறக்கும் முன்னால் ஓட்டின் மேல் குறுக்கே கோடு கீறிக்கொள்ளுங்கள், மூடிகள் அதே இடத்தில் திரும்பப் பொருந்த வேண்டும். இரண்டு நீளத் திருகைக் கழற்றி மூடியை எடுக்கும்போது, ஆர்மேச்சர் தண்டின் இரண்டு முனையிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கம், எத்தனை, எந்த வரிசை என்று போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கறுப்புப் பொடி கொட்டினால் பயப்பட வேண்டாம், அது பிரஷ் தேய்ந்த தூள். அதுவே பசை மாதிரி ஒட்டினால் ஆயில் சீல் விட்டிருக்கிறது, சீலையும் மாற்ற வேண்டும். வெள்ளை மாவும் துருவும் தெரிந்தால் மூடியின் ஓ-ரிங் வழியாகக் கடல் ஈரம் உள்ளே வந்திருக்கிறது.

பிரஷ்ஷைப் பாருங்கள். புதுசின் பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். நீளம் இருந்தும் பொந்துக்குள் சிக்கி, விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பாமல் நின்றால், ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது. கடலோர வண்டிகளில் இதை நிறையவே பார்க்கலாம். இப்படிப்பட்ட மோட்டாரைத்தான் "பிரஷ் இருக்கே, மோட்டார்தான் அவுட்டு" என்று தள்ளிவிடுவார்கள். ஸ்பிரிங்கும் பிடியும் சேர்ந்த பிரஷ் பிளேட்டாக மாற்றினால் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து கம்யூட்டேட்டர், அதாவது ஆர்மேச்சர் தண்டில் பிரஷ் உரசும் செம்புப் பட்டை. லேசான பழுப்பு நிறம் நல்லது, கறுத்த அழுக்கு இருந்தால் 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளை நாடா மாதிரி சுற்றித் தேய்க்கலாம். பட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் தூள் அடைந்திருந்தால் ஆக்சா பிளேடு முனையால் சுரண்டி எடுங்கள். ஏதோ இரண்டு பட்டை மட்டும் எரிந்து கருகியிருந்தால் உள்ளே வைண்டிங் போயிருக்கிறது. மீட்டரில் பார்க்கும்போது பட்டைக்கும் பட்டைக்கும் தொடர்பு இருக்க வேண்டும், பட்டைக்கும் நடுத் தண்டுக்கும் இருக்கவே கூடாது. இருந்தால் ஆர்மேச்சர் ஷார்ட்.

பெட்ரோலில் ஊற வைத்துக் கழுவாதீர்கள். வைண்டிங்கின் வார்னிஷ் இளகிவிடும். காய்ந்த துணியும் கான்டாக்ட் கிளீனரும் போதும்.

பிரஷ் மட்டும் மாற்றலாமா, புது மோட்டார் வாங்கலாமா, பழைய சாமான் கடையில் எடுக்கலாமா?

ஆர்மேச்சரும் காந்தமும் நன்றாக இருந்தால் பிரஷ் பிளேட், ஓ-ரிங், சீல் மூன்றையும் மாற்றினாலே போதும். செலவு நூறுகளில் முடியும். புது மோட்டார் என்றால் ஆயிரங்களில் போகும். ஆர்மேச்சர் எரிந்திருந்தாலோ, காந்தம் பெயர்ந்திருந்தாலோ, தண்டு உட்காரும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் காந்தத்தில் உரசிய கோடு தெரிந்தாலோ, புதுசு வாங்குங்கள். சின்ன மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை, கூலிக்கு ஏற்ற ஆயுள் கிடைக்காது.

பழைய சாமான் கடை மோட்டார் கடைசி வழியாக இருக்கட்டும். வாங்கினால், அங்கேயே திறந்து பார்க்க விடுகிற கடையில் வாங்குங்கள்.

புதுசு வாங்கப் போகும்போது பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய் பல் எண்ணிக்கை, தண்டு நீளம், போல்ட் ஓட்டை இடைவெளி, சுற்றும் திசை நாலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் விற்ற வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் மோட்டார் மாறியிருக்கும்.

புது மோட்டாரை மாட்டும்போது?

மோட்டாருக்குத் தனியாக எர்த் ஒயர் கிடையாது. அது இன்ஜினைத் தொடுகிற முகமும் அந்த இரண்டு போல்ட்டும்தான் எர்த். அதனால் அந்த முகத்தை இரண்டு பக்கமும் வெறும் உலோகம் தெரியத் தேயுங்கள். துருப்பிடிக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் மோட்டார் முழுக்கப் பெயிண்ட் அடித்து மாட்டுகிறவர்கள் உண்டு. ஓட்டுக்கு அடிக்கலாம், முகத்துக்குக் கூடாது.

புது ஓ-ரிங்கில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவி, நேராக உள்ளே தள்ளுங்கள். போல்ட் மரையில் ஆன்டி-சீஸ் (போல்ட் இறுகாமல் தடுக்கும் பசை) அல்லது கிரீஸ் லேசாகத் தடவினால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். அலுமினிய மரை என்பதால் அளவாக இறுக்குங்கள், மரை போனால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். டெர்மினலில் இன்சுலேட்டர் வாஷர்கள் இருந்த வரிசையிலேயே போட வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் நேரடி ஷார்ட். நட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவி, ரப்பர் தொப்பியை முழுவதும் இழுத்து மூடுங்கள். பேட்டரியில் இப்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

புது மோட்டார் போட்டும் அதே முனகல். ஏமாந்துவிட்டேனா?

பெரும்பாலும் எர்த், பேட்டரி, ரிலே மூன்றில் ஒன்று. மேலே சொன்ன வோல்ட் சோதனையை இப்போதாவது செய்யுங்கள். ரிலேயின் இரண்டு பெரிய முனைக்கு நடுவே, செல்ஃப் அழுத்தும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே பாயிண்ட் கருகியிருக்கிறது. எல்லாம் சரி என்றால் இன்ஜின் பக்கம் பாருங்கள். 2009-க்குப் பிறகு வந்த யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) புல்லட்டில், ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷர் உண்டு. அது வேலை செய்யாவிட்டால் எந்த மோட்டாரும் திணறும்.

மோட்டார் சர்ரென்று சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் சுற்றவில்லை.

மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்குக் கடத்தும் ஒன்-வே கிளட்ச் வழுக்குகிறது. மோட்டாரில் குற்றமில்லை, மேக்னெட் பக்கம் திறக்க வேண்டிய வேலை. வலு குறைந்த பேட்டரியோடு திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்தால் இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். புல்லட்டில் இந்தக் கிளட்ச் உடைவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

"அண்ணே, ரெண்டு வருஷம் சவூதியில இருந்துட்டு வந்தேன். வண்டி கீழக்கரை வீட்டுலதான் நின்னுச்சு. செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாமா?"

அவசரப்படாதீங்க தம்பி. ரெண்டு வருஷம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி பெரும்பாலும் தேறாது, புதுசு ஒன்றுக்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முன் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி இன்ஜின் இலகுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். கிக்கர் இல்லாத வண்டி என்றால் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றுங்கள். இன்ஜினே இறுகிக் கிடக்கும்போது செல்ஃப் அழுத்தினால் மோட்டார் எரியும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, டெர்மினல்களைச் சுத்தம் செய்து, அப்புறம் அழுத்துங்கள். ஐந்து நொடிக்கு மேல் ஒரேயடியாகப் பிடிக்க வேண்டாம், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே பத்துப் பதினைந்து நொடி இடைவெளி விடுங்கள்.

அடுத்த தடவை கிளம்பும்போது பேட்டரியைக் கழற்றி, வீட்டில் யாரிடமாவது மாதம் ஒரு முறை சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

மீன் பெட்டி கட்டுகிற வண்டிக்குத் தனியாக ஏதாவது செய்யணுமா?

கட்டாயம். ஐஸ் உருகி ஒழுகும் மீன் தண்ணி நேராகப் பேட்டரிப் பெட்டி மேலேயும் ரிலே மேலேயும்தான் இறங்குகிறது. கடல் காற்று ஒரு வருஷத்தில் செய்வதை அந்தத் தண்ணி ஒரு மாசத்தில் செய்துவிடும். பெட்டியின் வடிகால் ஓட்டையில் ஒரு ஓஸ் மாட்டி, ஒழுகுவது பின்சக்கரத்துக்கும் அப்பால் விழும்படி விடுங்கள். பெட்டிக்கு அடியில் கனமான ரப்பர் ஷீட் ஒன்று போடுங்கள். விடியற்காலை ஏலத்துக்கு ஓட வேண்டிய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் அன்றைய வியாபாரமே போய்விடும், அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எர்த் ஒயர், பிரஷ் வேலைகளை முடித்துக்கொள்ள நல்ல நேரம்.

தினமும் தண்ணி அடித்துக் கழுவினால் உப்புப் போய்விடாதா?

எந்தத் தண்ணி என்பதைப் பொறுத்தது. கரையோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணியே உவர்ப்பு. அதை ஊற்றிக் கழுவுவது உப்பின் மேல் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு காத்து நிற்கிற ஊரில், அந்தத் தண்ணியை வண்டிக்கு ஊற்றச் சொல்லவும் எனக்கு மனசு வராது. ஒரு சொம்பு நல்ல தண்ணியில் துணியை நனைத்துப் பிழிந்து, பேட்டரி முனை, ரிலே, எர்த் போல்ட், மோட்டார் ஓடு இவற்றை மட்டும் துடையுங்கள். காய்ந்ததும் வாசலின். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் போய்வந்தால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்தே ஒட்டும். பிரஷர் வாட்டர் வாஷில் கொடுத்தால் மோட்டார் மேலும் ரிலே மேலும் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிக்கர்தான் இருக்கே, செல்ஃபை அப்படியே விட்டுவிட்டால் என்ன?

வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதை ஓட்டுவது உங்கள் வீட்டில் யார் யார் என்று யோசியுங்கள். மூட்டு வலி உள்ள அப்பா, புடவையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர், இவர்களுக்குக் கிக்கர் தினமும் ஒரு வேதனை. பாம்பன் பாலத்தின் மேல் எதிர்காற்றில் வண்டி அணைந்து, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது செல்ஃப் எடுப்பது பெரிய நிம்மதி. செல்ஃபை உபயோகிக்காமல் விட்டால் பிரஷ் உள்ளேயே இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2017 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் பெரும்பாலும் ஹெட்லைட் சுவிட்ச் இருக்கும். லைட்டை அணைத்துவிட்டுச் செல்ஃப் அழுத்தினால் பழைய பேட்டரிக்குச் சுமை குறையும்.

பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சாவியை அணைத்தும் நிற்கவில்லை!

ரிலேயின் பாயிண்ட் ஒட்டிக்கொண்டது. உடனே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். நட்டு திருக நேரமாகும் என்றால் ரிலேயை ஸ்பானரின் பிடியால் ஒரு தட்டு தட்டுங்கள், சில சமயம் விட்டுவிடும். கேபிள் சூடேறியிருக்கும், வெறுங்கையால் பிடிக்காதீர்கள். பேட்டரியை இணைக்கும் முன்னால் ரிலேயை மாற்றியே ஆக வேண்டும். ஒட்டிக்கொண்ட ரிலேயைப் பிரித்துத் தேய்த்துத் திரும்ப மாட்டாதீர்கள், அது மறுபடி ஒட்டும். கூடவே பேட்டரியையும் சோதியுங்கள். வோல்டேஜ் குறைந்து ரிலே "டக டக" என்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தப் பாயிண்ட் பொறி பட்டு உருகத் தொடங்கியிருக்கும்.